ரொம்ப யூஸ் பண்ணலை சார்

பழைய பிரிண்டரை விற்க வருகிறவர்கள் சொல்லி வைத்தாற்போல ஒரே வாசகத்தோடுதான் வருவார்கள். "ரொம்ப யூஸ் பண்ணலை சார், புதுசு மாதிரியே இருக்கும் பாருங்க."

போன ஆடியில் வந்த பெரியவரும் அதைத்தான் சொன்னார். அட்டைப்பெட்டி கலையவில்லை. தெர்மாகோல் உடையவில்லை. மூடியில் ஒட்டியிருந்த டேப்பைக்கூட முழுக்கப் பிரிக்கவில்லை. மகன் வெளிநாடு போகும்போது வாங்கி, டேங்கில் மை ஊற்றிக் கொடுத்துவிட்டுப் போனதாம். பென்ஷன் சம்பந்தமாக நாலைந்து பேப்பர் அடித்ததோடு பீரோ மேல் ஏறியது, ஆறு வருஷம் கழித்து இப்போதுதான் இறங்குகிறது. அவர் சொல்லச் சொல்ல என் முகம் வாடியது. அதை மறைக்க, குனிந்து பெட்டிக்குள் எதையோ தேடுவதுபோலப் பாவனை செய்தேன்.

அன்றைக்கு என் மேஜையில் இன்னொரு மெஷின் இருந்தது. கோர்ட்டுப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் ஓடி வந்தது. மூடியின் ஒரு கீல் உடைந்து ரப்பர் பேண்டில் நின்றது. உடம்பெல்லாம் மைக் கைரேகை. நாற்பதாயிரம் பக்கத்துக்கு மேல் அடித்திருந்தது. பெரியவர் அதைக் காட்டி, "இது என்ன விலை?" என்றார். இரண்டாயிரத்து ஐந்நூறு என்றேன். "அப்ப என்னுது?" நானூறு தரலாம் என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே சங்கடமாகிவிட்டது. சரியான ஏமாற்றுக்காரனிடம் வந்து மாட்டிக்கொண்டோம் என்று நினைத்திருப்பார். கல்லாவுக்கு முன்னால் நின்றபடி இரண்டு நிமிஷத்தில் விளக்கிவிட முடியாத கணக்கு அது. எனக்கே அது பிடிபட ஏழெட்டு வருஷம் ஆனது.

நான் இந்த வேலைக்கு வந்தது 2003-இல். மதுரை சிம்மக்கல் பக்கம் பாய் ஒருவர் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் ரிப்பனுக்கு மை ஏற்றிக்கொண்டிருந்தார். கேசட்டைத் திறந்து, வெளுத்துப்போன ரிப்பனை மை உருளைக்கு மேல் ஒரு சுற்று ஓட்டி, மறுபடி மடித்து அடைக்க வேண்டும். கீழமாசி வீதி மண்டிக் கடைகளும் லாரி ஆபீஸ்களும்தான் எங்கள் வாடிக்கை. இங்க்ஜெட் வரத்து கூடியதும் பாய் ரிப்பன் மெஷினை ஓரங்கட்டிவிட்டு ஊசியைக் கையில் எடுத்தார். அப்போதெல்லாம் ஒரு பிரிண்டரின் கருப்பு, கலர் இரண்டு கார்ட்ரிட்ஜையும் புதிதாக வாங்கினால் பிரிண்டர் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். காலிக் கார்ட்ரிட்ஜில் ஊசியால் மை ஏற்றிக் கொடுக்க, அதாவது ரீஃபில் பண்ண, நாங்கள் கருப்புக்கு நூறு, கலருக்கு நூற்றைம்பது வாங்கினோம். வாசலில் கூட்டம் இருந்ததில் ஆச்சரியமே இல்லை.

எனக்குக் கொடுத்த முதல் வேலை, மெடிக்கல் ஷாப்பில் 5 மில்லி ஊசி பத்து வாங்கி வருவது. கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பத்து எதுக்குத் தம்பி?" பதிலுக்கு என் கைகளை நீட்டினேன். நகக்கண் வரைக்கும் நீலமும் சிவப்பும். அதைப் பார்த்துச் சந்தேகம் இன்னும் கூடியதே ஒழியக் குறையவில்லை. பாய்க்குப் போன் போட்டு விசாரித்துவிட்டுத்தான் கொடுத்தார். ரொம்ப காலம் கழித்து, இங்க்ஜெட் பிறந்த கதையைப் படித்தபோது அந்த மெடிக்கல்காரர்தான் நினைவுக்கு வந்தார். 1977-இல் ஜப்பானில் கேனன் ஆய்வுக்கூடத்தில் இசிரோ எண்டோ என்ற ஆராய்ச்சியாளரின் மேஜையில் மை நிரப்பிய ஊசி ஒன்று இருந்தது. சூடான சால்டரிங் அயர்ன் தற்செயலாக அதன் முனையில் பட, மை பீறிட்டு அடித்தது. சூட்டில் மை கொதித்துக் குமிழி எழும்பினால், அந்தக் குமிழியே மையை வெளியே தள்ளிவிடும் என்று அவர்கள் கண்டுகொண்டது அங்கேதான். 'பபிள் ஜெட்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். எங்கள் பிழைப்பு முழுக்க ஊசியில் ஓடுகிறது என்று நினைத்திருந்தேன். மெஷினின் ஜாதகமே ஊசியில்தான் தொடங்கியிருக்கிறது.

வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதத்துக்குள் பெரிய தவறு ஒன்று செய்தேன். கலர் கார்ட்ரிட்ஜ் ஒன்றுக்குள் மூன்று அறை உண்டு. சியான், மெஜந்தா, மஞ்சள். எந்தத் துளைக்குக் கீழே எந்த நிறம் என்பது கார்ட்ரிட்ஜுக்குக் கார்ட்ரிட்ஜ் மாறும். போன வாரம் பார்த்ததுபோலத்தானே இருக்கும் என்று மஞ்சள் அறையில் சியானை இறக்கிவிட்டேன். கொண்டு வந்தவர் மகளின் மஞ்சள் நீராட்டு விழா போட்டோ அடிக்க இருந்தவர். மஞ்சள் நீராட்டுக்கு மஞ்சளே இல்லை. பிள்ளை முகம் பச்சைப் பசேலென்று வந்தது. அவர் கத்தி முடித்துப் போனபின் பாய் ஒரு பல்குத்தும் குச்சியை எடுத்து, கார்ட்ரிட்ஜ் துளைக்குள் விட்டு, வெளியே எடுத்து நுனியைக் காட்டினார். "நுனி என்ன கலரோ அதுதான் ரூம். மனசுல இருக்கிறதை நம்பாதே, குச்சியை நம்பு." திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. "கார்ட்ரிட்ஜ்தானே போச்சு. மெஷின் நல்லாத்தானே இருக்கு?" என்று மட்டும் சொன்னார்.

ரீஃபில் பண்ணப் பழைய பிரிண்டர் தேடுகிறவர்களிடம் நான் இன்றைக்கும் முதலில் கேட்கும் கேள்வி அந்தப் பேச்சிலிருந்து வந்ததுதான். உங்கள் கை தவறினால் போவது கார்ட்ரிட்ஜா, மெஷினா?

எச்.பி., கேனன் சின்ன மெஷின்களில் மையைத் தெளிக்கும் ஹெட் கார்ட்ரிட்ஜின் அடியிலேயே ஒட்டியிருக்கும். கார்ட்ரிட்ஜை மாற்றினால் ஹெட்டும் புதிது. எப்சனில் ஹெட் மெஷினோடு இருக்கும். அங்கே சூடு கிடையாது, மின்சாரம் பட்டால் நெளியும் ஒரு படிகம் மையை நெட்டித் தள்ளுகிறது. சூடேறாத ஹெட் என்பதால் ஆயுள் நீளம். அடைத்துக்கொண்டால் செலவும் நீளம். வெந்து போகிற ஜாதி முதல் வகைதான். குமிழி எழுப்பச் சூடாகும் அந்த நுண்ணிய தகட்டை மறுநொடியே குளிர வைப்பதும் மைதான். மை தீர்ந்தது தெரியாமல் நாலு பக்கம் வெறுமனே அடித்தால் தகடு கருகிவிடும். பிறகு எத்தனை மில்லி ஊற்றினாலும் அது கார்ட்ரிட்ஜ் இல்லை, மைக்கூடு. அதனால் கோடு விழ ஆரம்பித்ததுமே கழற்றிக்கொண்டு வந்துவிடச் சொல்வேன். "இன்னும் கொஞ்சம் வருது" என்று கடைசிச் சொட்டு வரை அடித்துவிட்டு வருகிறவர்களுக்கு ரீஃபில் ராசி இருக்காது.

பழகும் கைக்கு ஏற்றவை என்று நான் எடுத்துக் கொடுத்ததெல்லாம் முதல் வகைதான். எச்.பி. 21, 22 கார்ட்ரிட்ஜ் போடும் டெஸ்க்ஜெட்டுகள் ஊரெல்லாம் கிடந்தன. அதில் ஒரு வேடிக்கை உண்டு. 56, 27, 21 என்று மூன்று கருப்புக் கார்ட்ரிட்ஜ்களின் கூடும் ஒரே அளவு. கம்பெனி அடைத்துக் கொடுத்த மை 56-இல் 19 மில்லி, 27-இல் 10, 21-இல் 5. ஐந்து மில்லிக்காரன் கூட்டில் நாங்கள் தாராளமாகப் பத்து, பன்னிரண்டு ஏற்றினோம். வாடிக்கையாளர், "புதுசை விட உங்க ரீஃபில் கூட வருதே!" என்று அதிசயப்படுவார். பாய் மீசைக்குள் சிரித்துக்கொள்வார். அதற்கு முந்தைய தலைமுறையின் 45 இன்னும் பெரிய ஆள். 42 மில்லி பிடிக்கும். அந்த டெஸ்க்ஜெட்டுகள் அம்மிக்கல் கனம், ஓடும்போது மேஜையே ஆடும். ஆனால் எங்கள் கடையில் அப்படி ஒன்று எட்டு வருஷம் பில் அடித்தது.

கேனனில் 40, 41 போடும் பழைய பிக்ஸ்மாக்கள் பொறுமைசாலிகள். அதற்குப் பின் வந்த 810, 811 கார்ட்ரிட்ஜ்காரர்களான ஐபி2770-உம் எம்பி287-உம் ரீஃபில் கடைகளின் செல்லப்பிள்ளைகள். மை தீர்ந்தது என்று மெஷின் மிரட்டினால் ஸ்டாப் பொத்தானை ஐந்து விநாடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால் போதும், கணக்கு பார்ப்பதை விட்டுவிட்டு ஓடும். இவற்றுக்கெல்லாம் முன்னால் பிசிஐ-24 என்ற குட்டி டேங்க் போடும் கேனன்கள் இருந்தன. சிப் கிடையாது, பூட்டு கிடையாது. மேலே இரண்டு சொட்டு விட்டால் ஸ்பாஞ்சு குடித்துக்கொள்ளும். அந்த மாதிரி மெஷின் இப்போது கையில் கிடைத்தால் விற்க மனசு வராது.

கடைக்குச் சரக்கு எடுக்க 2007 முதல் நானே சென்னைக்குப் போக ஆரம்பித்தேன். பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறி எழும்பூரில் இறங்கி, குளித்துச் சாப்பிட்டுவிட்டு ரிச்சி ஸ்ட்ரீட் திறக்கும்வரை டீக்கடையில் நிற்பேன். நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று அந்தச் சந்துகளில் ஆபீஸ்கள் கழித்துக்கட்டிய பிரிண்டர்கள் செங்கல் மாதிரி அடுக்கியிருக்கும். நூறு மெஷினில் பத்தைப் பொறுக்க வேண்டும், அதுவும் கடைக்காரர் பொறுமை இழப்பதற்குள். பையில் என் சொந்தச் சாமான்கள் இருக்கும். யுஎஸ்பி கேபிள், ஒரு கட்டு வெள்ளைத் தாள், டிஷ்யூ பேப்பர், பென் டார்ச், அப்புறம் ஊசி நிறையப் பேட்டரித் தண்ணீர்.

பேட்டரித் தண்ணீர் என்றால் பெட்ரோல் பங்கில் விற்கும் காய்ச்சி வடித்த தண்ணீர். எங்கள் ஊர் போர்த் தண்ணீர் பட்டால் ஹெட்டில் மை போய் உப்பு அடைத்துக்கொள்ளும்.

முதலில் மூடியைத் திறந்து மூக்கை நீட்டுவேன். சிரிக்காதீர்கள். கரப்பான் குடியிருந்த மெஷின் வாசனையிலேயே தெரிந்துவிடும். பல்லி எச்சம் போர்டில் விழுந்திருந்தால் அந்த இடம் பச்சை பூத்திருக்கும். எலி இருந்த வீட்டு மெஷினில் ஹெட்டுக்குப் போகும் பட்டை வயரில் பல் தடம் இருக்கும். இதெல்லாம் எந்தக் கம்பெனிப் புத்தகத்திலும் போட்டிருக்காது.

அடுத்து, ஹெட் வந்து உட்காரும் ரப்பர் மெத்தை. கேப் என்போம். ஓடாத நேரத்தில் ஹெட்டைக் காற்றுப் படாமல் மூடி வைப்பது அதுதான். விளிம்பில் மை காய்ந்து கட்டி கட்டியாக நின்றால் மூடி சரியாக மூடவில்லை என்று அர்த்தம். அந்தக் குழியில் ஊசியால் தண்ணீர் நிரப்பிவிட்டு ஒரு கிளீனிங் கொடுப்பேன். முடிந்ததும் குழி காலியாக இருந்தால் கீழே பம்ப் உயிரோடு இருக்கிறது. தண்ணீர் அப்படியே நின்றால் அந்த மெஷினுக்கு ஒரு வணக்கம்.

பிறகு நாசில் செக், எல்லாத் துளையும் மை விடுகிறதா என்று ஒரு தாளில் கோடு கோடாக அடித்துப் பார்ப்பது. இதில் கடைக்காரர்கள் கெட்டிக்காரர்கள். அருமையாக வந்த ஒரு தாளை முன்பே எடுத்து மெஷினுக்குள் செருகி வைத்திருப்பார்கள். நான் அதை மடித்து அவர்களிடமே கொடுத்துவிட்டு, என் தாளில் எடுப்பேன். நன்றாக வந்தால் பேசாமல் டீ குடிக்கப் போய்விடுவேன். இருபது நிமிஷம் கழித்து வந்து மறுபடி ஒன்று. முதல் தாளில் முழுசாக இருந்த நிறம் இரண்டாவதில் கோடு கோடாக விட்டிருந்தால் எங்கேயோ காற்று இழுக்கிறது, சும்மா நின்ற நேரத்தில் மை பின்னுக்கு இறங்கிவிட்டது என்று பொருள். நாலு தடவை கிளீனிங் கொடுத்து நிமிர்த்தி வைத்த மெஷின் ஒரு டீ நேரம்கூடத் தாங்காது. இந்த டீ சோதனையை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு தடவை கடைக்காரர் சில்லறை மாற்றப் போய்த் திரும்ப நேரமானதில் தானாகக் கிடைத்தது.

ஹெட் ஓடும் பாதையில் கண்ணாடித்தாள் போல ஒரு பட்டை குறுக்கே கட்டியிருக்கும். கூர்ந்து பார்த்தால் பொடிப் பொடிக் கோடுகள் தெரியும். ஹெட் எங்கே இருக்கிறது என்று மெஷின் எண்ணிக்கொள்வது அந்தக் கோடுகளை வைத்துத்தான். அதில் கிரீஸ் பட்டால் ஹெட் கண் தெரியாதவன்போலப் போய்ச் சுவரில் முட்டும். "ஹெட் போயிருச்சு" என்று பாதி விலைக்குத் தள்ளிவிடும் மெஷின்களில் பல இந்த அழுக்குதான். ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்தால் ஓடும். என் முதல் லாபமெல்லாம் இந்தப் பட்டையில்தான் வந்தது. துடைக்கிறேன் என்று தின்னர் போட்டு ஒரு பட்டையின் கோடுகளையே அழித்த புண்ணியமும் எனக்கு உண்டு.

தாள் இழுக்கும் ரோலரை ஒற்றைத் தாளில் சோதித்து ஏமாந்தவர்கள் அதிகம். இருபது தாள் அடுக்கி, ஒவ்வொன்றாக எடுக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய எச்.பி.யில் அடாப்டர் தனி. ஒரே அடாப்டரிலிருந்து இரண்டு வோல்ட்டேஜ் வரும் என்பதால் லேப்டாப் சார்ஜரை மாட்டி ஒப்பேற்ற முடியாது. அடாப்டர் இல்லை என்றால் இனாமாகக் கொடுத்தாலும் யோசியுங்கள்.

மெஷினின் வயிற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நான் அதிகம் அடிபட்ட இடம் அது.

ஒவ்வொரு கிளீனிங்கிலும் உறிஞ்சி எடுக்கும் மை எங்கே போகிறது? அடியில் கம்பளம் மாதிரி ஒரு பேட் பரப்பியிருக்கும். அது குடித்துக்கொள்ளும். எவ்வளவு குடித்தது என்று மெஷின் ஒரு கணக்கு வைத்திருக்கும். அளவு தாண்டினால் வேலை நிறுத்தம். எப்சனில் இரண்டு சிவப்பு விளக்கு மாறி மாறி மின்னும், கேனனில் 5பி00 என்று காட்டும். அந்தக் கணக்கைப் பூஜ்யமாக்க சாஃப்ட்வேர் உண்டு. ரீசெட் அடித்தால் மெஷின் ஒன்றும் நடக்காததுபோல மறுபடி ஓடும். ஆனால் அழிந்தது கணக்கு மட்டும்தான். குடித்த மை குடித்தபடியே வயிற்றில் இருக்கிறது.

ஒரு வக்கீல் ஆபீஸ் மெஷினுக்கு அப்படி வெறும் ரீசெட் போட்டுக் கொடுத்தேன், இரண்டு முறை. பேட் மாற்ற அரை நாள் ஆகும், வாசலில் ஆள் நிற்கிறது, சோம்பல். மூன்றாம் மாதம் குமாஸ்தா போனில் அலறினார். மேஜை முழுக்கக் கருநீலம். மெஷினுக்கு அடியில் வைத்திருந்த கேஸ் கட்டு ஒன்று பாதி நனைந்து, வக்காலத்துத் தாளில் கட்சிக்காரர் கையெழுத்தே தெரியவில்லை. வக்கீல் என்னைத் திட்டவில்லை. கட்சிக்காரரைத் திரும்ப ஊரிலிருந்து வரவழைக்கும் பஸ் செலவை மட்டும் என்னிடம் வாங்கிக்கொண்டார். அந்த நூற்று எண்பது ரூபாய் இன்னும் உறுத்துகிறது.

அதன்பின் பேட்டைக் கழற்றாமல் ரீசெட் செய்ததே இல்லை. கொல்லையில் வாளி வைத்துப் பேட்டை ஊறப்போட்டு, அமுக்கி, அலசி, மறுபடி ஊறப்போட்டு, கருப்புத் தண்ணீர் வெளுக்கும்வரை பத்துப் பன்னிரண்டு தடவை. பிறகு இரண்டு நாள் வெயில். நல்ல வெள்ளை வேட்டியைப் பக்கத்துக் கொடியில் காயப்போட்ட மாமனாருக்கும் எனக்கும் இடையில் நடந்தது இங்கே வேண்டாம். சிலர் பேட்டுக்குப் பதில் குழந்தைகளுக்குக் கட்டும் டயப்பரைக் கிழித்து அடைப்பார்கள். நன்றாகவே குடிக்கும், ஆனால் ஊதிப்போய்ப் பம்ப் குழாயை நெரிக்கும். பழைய மெஷின் வாங்கும்போது அதை லேசாகத் தூக்கி அடிப்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். மூலைகளில் மைக் கசிவு இருந்தால் வயிறு நிறைந்துவிட்டது. மெஷின் எத்தனை பக்கம் ஓடியது என்ற எண்ணைவிட அந்த அடிப்பக்கம் உண்மை பேசும்.

2011 செப்டம்பரில் அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்தபின் எங்கள் கடைக்கு வரும் முகங்கள் மாறின. வீட்டுக்கு லேப்டாப் வந்துவிட்டது, அடுத்து பிராஜெக்ட் அடிக்க ஒரு பிரிண்டர் வேண்டும், ஆயிரம் ரூபாய்க்குள் வேண்டும். உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கமிருந்து பிள்ளைகள் அப்பாவோடு பஸ் ஏறி வருவார்கள். அவர்களுக்கு நான் சிப் கார்ட்ரிட்ஜ் மெஷின் கொடுத்ததே இல்லை. சிப் என்பது கார்ட்ரிட்ஜின் மேல் ஒட்டியிருக்கும் ஒரு கணக்குப்பிள்ளை. மை எவ்வளவு இருக்கிறது என்று அவர் எட்டிப் பார்ப்பதில்லை. இத்தனை சொட்டு செலவு என்று எழுதிக்கொண்டே வந்து, ஒரு நாள் 'தீர்ந்தது' என்று கதவைச் சாத்திவிடுவார். உள்ளே மை தளும்பினாலும் சாத்தியது சாத்தியதுதான். ரீசெட்டர் என்று ஒரு சின்னக் கருவி இருக்கிறது, ஊசிகளைச் சிப்பில் வைத்து அழுத்தினால் சிவப்பு விளக்கு பச்சையாகும், கணக்கும் அழியும். கடைக்காரனுக்கு அது சரி. மேலூரிலிருந்து அதற்காக ஒரு பிள்ளை பஸ் ஏறி வர முடியுமா?

வைஃபை உள்ள மெஷினில் இன்னொரு சங்கடம். 2016 செப்டம்பரில் எச்.பி.யின் சில ஆபீஸ்ஜெட் மாடல்கள், வேறு கம்பெனிச் சிப் வைத்த கார்ட்ரிட்ஜ்களைத் திடீரென்று ஏற்க மறுத்தன. மெஷினுக்குள் முன்பே இறங்கியிருந்த சாஃப்ட்வேர் அன்றைக்குக் கண் விழித்தது. உலகம் முழுக்க ஒரே சத்தம், கம்பெனி மன்னிப்புக் கேட்டு மாற்று சாஃப்ட்வேர் கொடுத்தது. அசல் சிப்போடு ரீஃபில் பண்ணிய கார்ட்ரிட்ஜ்கள் தப்பின. அதிலிருந்து, 'அப்டேட் வந்திருக்கிறது, ஓகே கொடுக்கவா?' என்று கேட்டு யார் போன் செய்தாலும் ஒரே பதில்தான்: கொடுக்காதீர்கள். நெட்டோடு சம்பந்தமில்லாத, கேபிளில் மட்டும் ஓடும் பழைய மெஷினுக்கு நான் நூறு ரூபாய் கூடவே சொல்வேன்.

டேங்க் பிரிண்டர் வருவதற்கு முன்னால் நாங்களே டேங்க் கட்டினோம். வெளியே நாலு பாட்டில், அதிலிருந்து மெல்லிய குழாய்கள் உள்ளே ஹெட்டுக்கு. சிஐஎஸ்எஸ் என்பார்கள், எங்கள் கடையில் அது 'டியூப் செட்'. பாட்டில்கள் மெஷின் அமர்ந்திருக்கும் அதே மட்டத்தில் இருக்க வேண்டும். மேலே போனால் மை தானாக வடியும், கீழே போனால் காற்று ஏறும். இடம் இல்லை என்று ஒரு ஸ்டூடியோவில் பாட்டில்களை யுபிஎஸ் மேல் தூக்கி வைத்துவிட்டு வந்தேன். காலையில் அவர்கள் ஷட்டரைத் திறந்தபோது நாலு பாட்டிலும் காலி, தரையில் ஹோலி. 2010-இல் எப்சன் எல்100, எல்200 என்று கம்பெனியே டேங்க் கட்டிய மெஷின்களை முதலில் இந்தோனேசியாவில் இறக்கியது. பிறகு இங்கேயும் வந்தது. 70 மில்லி பாட்டிலை வாங்கி யாரும் ஊற்றிக்கொள்ளலாம் என்றானபோது எங்கள் ஊசிக்கு வேலை போயிற்று. பாய் அந்த மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "நம்ம வேலையைத்தான் செஞ்சிருக்கான். சுத்தமா செஞ்சிருக்கான்" என்றார். அடுத்த வருஷம் கடையை என்னிடம் விட்டுவிட்டார்.

இப்போது செகண்ட் ஹேண்டில் வருவது பெரும்பாலும் டேங்க் மெஷின்தான். இதில் என் ஓட்டு, ஹெட்டைக் கையால் கழற்றி மாற்றக்கூடிய மெஷினுக்கு. கேனன் ஜி1000, ஜி2000 வரிசையும் எச்.பி.யின் டேங்க் மாடல்களும் அந்த வகை. தவறு செய்தால் ஹெட்டை மட்டும் வாங்கி மாட்டிக்கொள்ளலாம். பாய் சொன்ன அதே 'மெஷின் நல்லாத்தானே இருக்கு'. எப்சனின் ஹெட் உழைப்பாளிதான், தினமும் ஓடுகிற இடத்துக்கு நான் அதையே கொடுப்பேன். வாரத்துக்கு ஒரு பக்கம் அடிக்கும் வீட்டுக்குக் கொடுக்க மாட்டேன்.

டேங்க் மெஷினை வாங்கும்போது, முன்னால் வைத்திருந்தவர் என்ன மை ஊற்றினார் என்பதுதான் பெரிய கேள்வி. சாயம் கரைந்த மை ஒரு வகை, பொடி மிதக்கும் பிக்மென்ட் மை இன்னொரு வகை. எப்சனின் 664 பாட்டில் நாலும் சாயம். கேனன் ஜி வரிசையில் கருப்பு பிக்மென்ட், மற்ற மூன்றும் சாயம். இரண்டையும் ஒரே டேங்கில் கலந்தால் உள்ளே கூழாகிவிடும். கருப்பில் ஒரு வரி அடித்து, காய விட்டு, ஈர விரலால் தேயுங்கள். இழுவினால் சாயம், நின்றால் பிக்மென்ட். அந்த மாடலுக்கு எது வர வேண்டுமோ அது வரவில்லை என்றால் விலையைப் பேசவே வேண்டாம், கிளம்பிவிடுங்கள். வாங்கிவிட்டால், ஆட்டோவில் மடியில் மட்டமாக வைத்துக்கொண்டு போங்கள். பைக்கில் சாய்த்துக் கட்டிக்கொண்டு போய், வீட்டு வாசலில் மையோடு நின்றவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

எங்கே ஓடியது என்றும் கேட்பேன். பிரவுசிங் சென்டர், இ-சேவை மையம், ஜெராக்ஸ் கடை என்றால் பாதி மனசு நிறைந்துவிடும். இறைக்கிற கிணறுதான் ஊறும் என்பார்களே. மையில் பெரும்பங்கு தண்ணீர். நாசில் என்பது தலைமுடியைவிடச் சன்னமான துவாரம். தினமும் மை நடமாடினால் அது திறந்திருக்கும். மாதக்கணக்கில் நின்றால் தண்ணீர் ஆவியாகி, மிச்சம் கோந்தாக இறுகிவிடும். 2020-இல் பள்ளிக்கூடங்கள் மூடி, ஆன்லைன் வகுப்புத் தாள்களை வீட்டில் அடிக்க வேண்டி வந்தபோது, ஊரெல்லாம் பரணிலிருந்து பிரிண்டர்கள் இறங்கின. பத்து வந்தால் ஏழெட்டு ஹெட் அடைத்தவை. பெட்டி மட்டும் பளபளவென்றிருக்கும்.

ஒரு விலக்கு உண்டு, அதைச் சொல்லாவிட்டால் நியாயமில்லை. ஹெட் கார்ட்ரிட்ஜோடு இருக்கும் மெஷின் பெட்டியிலேயே கிடந்திருந்தால் அது நிஜமாகவே புதுசுதான். இரண்டு கார்ட்ரிட்ஜ் வாங்கிப் போட்டு, ரோலரை ஈரத்துணியால் துடைத்தால் ஓடிவிடும். பெரியவருடையது அந்த ஜாதி இல்லை. டேங்க் பாதி நிறைந்திருந்தது, மை அடியில் வண்டல் மாதிரி தங்கியிருந்தது, ஹெட் உள்ளேயே பொருத்தியது. மின்சாரம் கொடுத்து நாசில் செக் எடுத்தேன். வெள்ளைத் தாள் வெள்ளையாகவே வந்தது, மூலையில் ஒரு மஞ்சள் கீற்று மட்டும்.

தாளை அவரிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். "பையன் வாங்கிக் கொடுத்ததுன்னு பத்திரமா வச்சிருந்தேன் தம்பி" என்றார். நானூறு ரூபாயை வாங்கிக்கொள்ளவில்லை. "சரி பண்ண முடியுமான்னு பாருங்க. ஆனா சொல்லுங்க" என்று நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டுக் குடையோடு இறங்கிப் போனார். கோர்ட் மெஷினை அன்று சாயங்காலமே ஒரு டியூஷன் டீச்சர் ரப்பர் பேண்டோடு எடுத்துப்போனார்.

பழைய மையை டேங்கிலிருந்து உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிது ஊற்றினேன். டிஷ்யூவை நாலாக மடித்து, பேட்டரித் தண்ணீரில் நனைத்து, ராத்திரி ஹெட்டுக்கு அடியில் வைத்துவிட்டு வருவேன். காலையில் கடை திறந்ததும் சாமி படத்துக்குப் பூ வைத்துவிட்டு ஒரு கிளீனிங், ஒரு நாசில் செக். தாள்களைத் தேதி போட்டுச் சுவரில் வரிசையாக ஒட்டியிருக்கிறேன். முதல் வாரம் மஞ்சள் முழுசாக வந்தது. பத்தாம் நாள் கருப்பு. மெஜந்தா வந்து, போய், மறுபடி வந்தது. பெரியவர் சனிக்கிழமை சாயங்காலம் போன் செய்கிறார். நேற்றைக்குச் சியானில் ஐந்து கோடு பாக்கி. இன்று காலை எண்ணினேன், மூன்று.